ஒற்றைக் கையெழுத்து

இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவில், கொர்னில்யானோ கடற்கரையை ஒட்டி இதால்சிதர் என்ற பெரிய உருக்காலை இருந்தது. 1978 அக்டோபர் 25 அன்று, ஆலைக்குள் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் சிவப்புப் பிரிகேட் என்ற இடதுசாரி ஆயுதக் குழுவின் துண்டறிக்கைகள் கிடந்தன. தொழிற்சங்கப் பிரதிநிதியான குய்தோ ரோஸ்ஸா அவற்றைப் பார்த்தார். பிரிவு பிரிவாகத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியர் ஃபிரான்செஸ்கோ பெரார்தியின் மேல்சட்டைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். ஆலைக் காவலுக்குச் சொன்னார். பெரார்தியின் அலமாரியிலிருந்து இன்னும் தாள்கள் வெளிவந்தன. புகாரில் கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது உடனிருந்த பிரதிநிதிகள் பின்வாங்கிக்கொண்டார்கள். ரோஸ்ஸா மட்டும் தன் பெயரை எழுதினார். பிறகு நீதிமன்றத்திலும் போய் நின்று, கண்டதைக் கண்டபடி சொன்னார். பெரார்திக்கு நான்கரை ஆண்டுச் சிறை கிடைத்தது.

ஆயுதக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது நம் கவனம் இரண்டு இடங்களுக்குத்தான் போகிறது. ஒன்று துப்பாக்கி வைத்திருப்பவனின் மனம், மற்றொன்று அவனைப் பிடிக்கப் போகும் அரசு. இரண்டுக்கும் நடுவே பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. அது கொல்வதில்லை, கொலையை விரும்புவதுமில்லை. ஆனால் தன் பக்கத்தில் வேலை செய்பவன் சட்டைக்குள் என்ன ஒளித்துவைத்திருக்கிறான் என்று தெரிந்தாலும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறது. தீவிரவாதம் குடியிருப்பது அந்த நடையில்தான் என்று நான் நம்புகிறேன். அதற்கு இத்தாலியின் எழுபதுகளைப் போலத் தெளிவான சாட்சி வேறொன்றை நான் படித்ததில்லை. முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவை அந்தக் குழு கொன்றது திரைப்படங்கள் வழியாக நமக்கும் ஓரளவு தெரியும். ரோஸ்ஸாவின் பெயர் இத்தாலிக்கு வெளியே அதிகம் கேட்பதில்லை. என் பார்வையில் அந்தக் குழுவின் கதையில் திருப்பம் மோரோவின் உடலில் நிகழவில்லை, ரோஸ்ஸாவின் உடலில் நிகழ்ந்தது.

சிவப்புப் பிரிகேட் 1970இல் தொடங்கியது. ரெனாத்தோ கூர்ச்சோவும் மார்கெரித்தா காகோலும் திரெந்தோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர்கள். அல்பெர்தோ ஃபிரான்செஸ்கினி ரெஜ்ஜோ எமிலியாவின் கம்யூனிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை. முசோலினிக்கும் நாஜிகளுக்கும் எதிராகப் போராடிய பாட்டன், தகப்பன் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தப் போர் பாதியில் கைவிடப்பட்டது, மிச்சத்தை நாங்கள் முடிக்கிறோம் என்பதுதான் அவர்கள் தமக்குச் சொல்லிக்கொண்ட கதை. முதலில் மிலானில் மேலாளர்களின் கார்களை எரித்தார்கள். 1972 மார்ச்சில் சித்-சீமென்ஸ் ஆலையின் மேலாளர் ஒருவரைச் சிறிது நேரம் கடத்திவைத்து, கழுத்தில் அட்டை மாட்டிப் படம் எடுத்துவிட்டு விடுவித்தார்கள். கெடுபிடி செய்த மேலாளருக்கு ஒருநாள் பயம் காட்டியதை ரசித்த தொழிலாளிகள் இருந்திருப்பார்கள், அதில் எனக்கு வியப்பில்லை. அந்தச் சிறிய ரசிப்பிலிருந்து அடுத்த படி. 1974இல் ஜெனோவாவின் அரசு வழக்கறிஞர் மாரியோ சோஸ்ஸியைக் கடத்தினார்கள். 1976 ஜூனில் அதே நகரின் தலைமை அரசு வழக்கறிஞர் ஃபிரான்செஸ்கோ கோக்கோவையும் அவருடைய காவலர்கள் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். 1978 மார்ச் 16 அன்று ரோமில் மோரோவைக் கடத்தியபோது உடன்வந்த காவலர் ஐவரும் இறந்தார்கள். 55 நாள் கழித்து, மே 9 அன்று, மோரோவின் உடல் காயெத்தானி தெருவில் ஒரு காரின் பின்புறத்தில் கிடந்தது.

இத்தனைக்கும் நடுவே இடதுசாரி வட்டங்களில் புழங்கிய பெயர் ‘வழிதவறிய தோழர்கள்’ என்பது. அவர்கள் செய்வது தப்புதான், ஆனால் நம் பிள்ளைகள் என்ற தொனி. இன்னொரு முழக்கமும் இருந்தது: அரசோடும் இல்லை, சிவப்புப் பிரிகேட்டோடும் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியோ இதற்கு நேர்மாறாக, இவர்கள் இடதுசாரிகளே அல்லர், யாரோ ஏவிவிட்ட கைக்கூலிகள் என்று சாதித்தது. 1978 மார்ச் கடைசியில், மோரோ உயிரோடு இருந்தபோதே, பத்திரிகையாளர் ரொஸ்ஸானா ரொஸ்ஸாந்தா ‘இல் மானிஃபெஸ்தோ’ என்ற இடதுசாரி நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிரிகேட்டின் அறிக்கைகளைப் படித்தால் ஐம்பதுகளின் கம்யூனிசக் குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் இருக்கிறது என்றார். கட்சிக்குள் கடுங்கோபம் கிளம்பியது. ரொஸ்ஸாந்தா செய்தது மிகப் பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். ‘இவன் நம்மவன் இல்லை’ என்று கைகழுவுகிறவர் யாரும் அவனை எதிர்க்கப் போவதில்லை. ‘இவன் நம்மவன், நம் மொழியைத்தான் பேசுகிறான், அதனால் இவனுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்’ என்ற இடத்திலிருந்துதான் எதிர்ப்பு தொடங்க முடியும்.

ரோஸ்ஸா நின்றது அந்த இடத்தில். 1934இல் வடகிழக்கு மலைநாட்டில் பிறந்து, டூரினில் வளர்ந்து, ஃபியட்டில் வேலை செய்துவிட்டு, 1961இல் ஜெனோவா உருக்காலைக்கு வந்தவர். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். தேர்ந்த மலையேறி. 1963இல் நேபாளத்தின் லாங்டாங் பகுதிக்குச் சென்ற இமயமலைப் பயணத்தில் இருந்தவர். அதில் தோழர்கள் இருவரைப் பறிகொடுத்தார். 1970இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், உச்சிகளைத் தேடிப் போவது போதும், கீழே இறங்கி மனிதர்களோடு நிற்க வேண்டும் என்ற தன் முடிவைச் சொல்கிறார். தொழிற்சங்க வேலையில் அவர் முழுமூச்சாக இறங்கியது அதன் பின்தான்.

இங்கே ஒரு கடினமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெரார்தியைப் பற்றிப் புகார் கொடுக்கத் தயங்கியவர்கள் எல்லோரும் கோழைகள் அல்லர். அவர்கள் நம்பாமல் போன அரசு, நம்பிக்கைக்குத் தகுதியான அரசாக இருக்கவில்லை. 1969 டிசம்பர் 12 அன்று மிலானில் ஃபொந்தானா சதுக்கத்து வேளாண் வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். போலீசார் உடனே அராஜகவாதிகளைப் பிடித்தார்கள். ஜூசெப்பே பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி விசாரணையின்போது காவல் தலைமையகத்தின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். குண்டு வைத்தது நவ ஃபாசிஸ்டுகள் என்பதும், உளவுத்துறையில் சிலர் அவர்களைக் காப்பாற்றினார்கள் என்பதும் பிறகு வெளிவந்தன. பினெல்லியின் சாவுக்குப் பொறுப்பு என்று பத்திரிகைகளில் குற்றம் சாட்டப்பட்ட ஆணையர் லூயிஜி கலப்ரேசி 1972 மே மாதம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பினெல்லி விழுந்த நேரத்தில் கலப்ரேசி அந்த அறையிலேயே இல்லை என்று நீதிமன்றம் பின்னர் முடிவு செய்தது. ஒரு பொய் இன்னொரு கொலைக்கு வாசல் திறந்துவிட்டது. இப்படிப்பட்ட அரசின் காவல்துறையிடம் தன் சக தொழிலாளியின் பெயரைச் சொல்வது எளிய செயலா? ஆலையில் அதற்கு இருந்த பெயர் காட்டிக்கொடுத்தல். முதலாளிக்கு ஆள்காட்டுபவனையும் கொலைக் குழுவைச் சுட்டிக்காட்டுபவனையும் ஒரே பெயரால் அழைக்க முடிந்ததுதான் அந்தக் குழுவின் பெரிய பலம்.

அரசு கறைபட்டது என்பது ரோஸ்ஸாவுக்கும் தெரியும். அவர் வாழ்நாளெல்லாம் அதை எதிர்த்துக் கொடிபிடித்தவர். ஆனாலும் அந்தக் கறையைக் காரணமாக்கி ஒதுங்கிக்கொள்ள அவர் தயாராக இல்லை. இதே கேள்வி அதற்கு முந்தைய ஆண்டு எழுத்தாளர்களுக்கு நடுவே எழுந்தது. டூரினில் பிரிகேட் தலைவர்கள் மீதான வழக்கு நடக்க வேண்டியிருந்தது. தமக்கு வழக்கறிஞரே வேண்டாம், அரசு நியமிக்கும் வழக்கறிஞர்கள் எதிரியின் ஆட்கள் என்று கைதிகள் அறிவித்தார்கள். நகர வழக்கறிஞர் சங்கத் தலைவர் ஃபுல்வியோ குரோச்சே, தானே பொறுப்பேற்றார். 1977 ஏப்ரல் 28 அன்று அலுவலக வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூரர்களாக அழைக்கப்பட்ட குடிமக்கள் ஒருவர்பின் ஒருவராக மருத்துவச் சான்றிதழ் நீட்டினார்கள். வழக்கு தள்ளிப்போனது. அப்போது கவிஞர் எவுஜேனியோ மொந்தாலேயிடம், உங்களை அழைத்திருந்தால் போயிருப்பீர்களா என்று கேட்டார்கள். நோபல் பரிசு பெற்றிருந்த அந்த முதியவர், போயிருக்க மாட்டேன், மற்றவர்களைப் போலத்தான் எனக்கும் பயம் என்றார். இடாலோ கால்வினோ மறுத்து எழுதினார். அரசு என்பது இன்று வேறெதுவும் இல்லை, பணிந்துபோக மறுக்கும் குடிமக்கள்தாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். லியனார்தோ ஷாஷா குறுக்கே வந்தார். ஊழலில் ஊறிய இந்த அரசைக் காக்க ஒருவர் ஏன் தன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார்.

மூவரின் வாதங்களையும் பலமுறை அசைபோட்டிருக்கிறேன். மொந்தாலேயின் நேர்மை பிடிக்கிறது. ஷாஷாவின் கோபம் நியாயமானது, சிசிலியில் மாஃபியாவையும் அரசையும் ஒன்றாகப் பார்த்து எழுதியவரின் கோபம் அது. ஆனால் நான் கால்வினோவோடு நிற்கிறேன். ஜூரர் இருக்கை காலியாக இருந்தால் அங்கே வந்து உட்காரப் போவது ஷாஷா விரும்பிய நல்ல அரசு அல்ல. துப்பாக்கி வந்து உட்காரும், அல்லது துப்பாக்கியைச் சாக்காக வைத்து இராணுவ நீதிமன்றம் வந்து உட்காரும். 1978 மார்ச்சில் ரேடிகல் கட்சியின் செயலாளர் அதெலைதே அல்யெத்தா ஜூரராக உட்காரச் சம்மதித்தார். அவருடைய கட்சி அரசின் சிறப்புச் சட்டங்களைக் கடுமையாக எதிர்த்த கட்சி. கைதிகளின் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஒரு பெண், அதே கைதிகள் சாதாரணச் சட்டப்படி விசாரிக்கப்பட வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைத்தார். மோரோ கடத்தப்பட்டிருந்த நாட்களிலும் அந்த வழக்கு நிற்காமல் நடந்தது. ஜூனில் தீர்ப்பு வந்தது.

எழுத்தாளர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஆலைகள் என்ன நினைத்தன? 1977 நவம்பரில் ‘லா ஸ்தாம்பா’ நாளிதழின் துணை ஆசிரியர் கார்லோ கசலேன்யோவை டூரினில் சுட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். கண்டன வேலைநிறுத்தத்துக்கு ஃபியட் தொழிலாளர்களிடமிருந்து வந்த ஆதரவு சொற்பம். அவர் ஃபியட் முதலாளியின் பத்திரிகைக்காரர், நமக்கென்ன என்ற பேச்சு ஆலை வாசலில் சகஜமாகக் கேட்டது. அவருடைய மகன் தீவிர இடதுசாரி இயக்கத்தில் இருந்தவர். தந்தையைச் சுட்டபின் தன் பழைய தோழர்களின் பத்திரிகையிலேயே பேட்டி கொடுத்து, ஒரு மனிதனைச் சின்னமாக்கிச் சுடுவது எப்படிப்பட்ட காரியம் என்று அவர்களைக் கேட்டார். அந்தப் பேட்டி பலரை உலுக்கியது. ஆலை இன்னும் அசையவில்லை.

1979 ஜனவரி 24, விடியலுக்கு முன் ஆறரை மணி இருக்கும். ரோஸ்ஸா வேலைக்குக் கிளம்பி, ஒரெஜினா பகுதியில் நிறுத்தியிருந்த தன் ஃபியட் 850 காரில் ஏறினார். தோழர்கள் சிலர் முன்பு அவருக்குத் துணையாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காவலை அவரே விலக்கிவிட்டிருந்தார். பிரிகேட்டைச் சேர்ந்த வின்சென்ஸோ குவால்யார்தோ கால்களில் சுட்டார். ரிக்கார்தோ தூரா நெஞ்சில் சுட்டார். பதினாறு வயது மகள் சாபினா கொஞ்ச நேரத்தில் பள்ளிக்குப் போகும் வழியில் அந்தக் காரைக் கடந்து போனாள், உள்ளே அப்பா கிடப்பது தெரியாமல். காலில் மட்டும் சுடுவதாகத்தான் முடிவெடுத்திருந்தோம், அவர் எதிர்த்தார் என்று பிரிகேட் அறிக்கை வெளியிட்டது. ஒரு தொழிலாளியைக் கொன்றுவிட்டோம் என்பது புரிந்தவுடன் எழுந்த தடுமாற்றம் அந்த விளக்கத்தில் தெரிகிறது. தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் இதுவரை நடந்த ஒவ்வொரு கொலைக்கும் அவர்களால் ஒரு விளக்கம் தர முடிந்தது. இறந்தவர் நீதிபதி, வழக்கறிஞர், அரசியல்வாதி, முதலாளியின் பத்திரிகையாளர். இப்போது இறந்தவர் அவர்களுடைய துண்டறிக்கையை வாசிக்க வேண்டிய ஆள்.

ஜனவரி 27 அன்று இறுதி ஊர்வலம். தெ ஃபெராரி சதுக்கத்திலும் சுற்றிலும் இரண்டரை லட்சம் பேர் திரண்டதாகச் சொல்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவர் லூச்சானோ லாமா பேசினார். குடியரசுத் தலைவர் சாந்த்ரோ பெர்த்தீனி வந்திருந்தார். ஃபாசிச ஆட்சியில் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தவர், ஃபாசிச எதிர்ப்புப் போராளி, எண்பது வயதைத் தாண்டியவர். துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு நடுவே பிரிகேட்டின் மீது பரிவு உள்ளவர்கள் இருக்கிறார்கள், அங்கே போக வேண்டாம் என்றார்கள். அவர் போனார். குடியரசுத் தலைவராக இல்லை, தோழர் பெர்த்தீனியாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். சிவப்புப் பிரிகேட்டை எனக்குத் தெரியும், அது என்னோடு சேர்ந்து ஃபாசிஸ்டுகளை எதிர்த்துச் சண்டை போட்டது, ஜனநாயகவாதிகளை அல்ல என்றார். வெட்கக்கேடு என்றார். அந்த இளைஞர்கள் திருடி வைத்திருந்த கதையை அந்தக் கதையில் உண்மையாகவே வாழ்ந்த ஒருவர் வந்து திரும்ப வாங்கிக்கொண்டார். எந்த உள்துறை அமைச்சரும் அதைச் செய்திருக்க முடியாது. இன்று ‘எதிர்ப் பிரச்சாரம்’ என்று விளம்பர நிறுவனங்களைக் கொண்டு அரசுகள் தயாரிக்கும் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். சொல்கிற வாய்க்கு அந்தக் கதையில் பங்கு இருக்க வேண்டும்.

அதன்பின் ஆலைகளில் மௌனம் உடையத் தொடங்கியது. 1980 பிப்ரவரியில் பிடிபட்ட பாத்ரீஸ்யோ பேச்சி, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் தல்லா கியேசாவிடம் குழுவின் அமைப்பையே சொல்லிவிட்டார். மார்ச் 28 அன்று, ரோஸ்ஸா வாழ்ந்த அதே ஒரெஜினாவில், ஃபிராக்கியா தெருவில் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்த காவலர்கள் நால்வரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் தூரா. 1981இல் பேச்சியின் தம்பி ரொபெர்தோவைக் கடத்திய பிரிகேட், ‘விசாரணை’யைப் படம்பிடித்துக் கொன்றது. அண்ணன் பேசியதற்குத் தம்பியைக் கொல்வது என்ற இடத்துக்கு வந்தபின் அவர்களிடம் மிஞ்சியிருந்தது பழி மட்டும்தான். அரசின் கையும் சுத்தமாக இருக்கவில்லை. 1978இல் பிரிகேட் வழக்கில் கைதான அச்சக உரிமையாளர் என்ரிக்கோ திரியாக்கா, முகத்தில் தண்ணீர் ஊற்றிச் சித்திரவதை செய்தார்கள் என்று முறையிட்டபோது, பொய்க்குற்றம் சுமத்தினார் என்று அவருக்கே தண்டனை கொடுத்தார்கள். அந்தத் தண்டனையைப் பெருஜா நீதிமன்றம் ரத்து செய்து, சித்திரவதை நடந்தது என்று ஏற்றுக்கொண்டது 2013இல்தான். 35 ஆண்டுகள். சித்திரவதைதான் தீவிரவாதத்தை முறியடித்தது என்று பேசுகிறவர்கள் இத்தாலியை உதாரணம் காட்டும்போது, ஆலைத் தொழிலாளர்களை மறந்துவிடுகிறார்கள்.

இத்தாலி செய்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிறைக்குள் நடந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பெரிய சலுகை தந்தது. அதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அதோடு நிறையக் கொன்றவர் நிறையப் பெயர்களைச் சொல்லிச் சீக்கிரம் வெளியே வரும் அநியாயமும் நேர்ந்தது. இதற்கு நடுவே கைதிகள் சிலர் வேறொரு வழி தேடினார்கள். பிறர் பெயரைச் சொல்ல மாட்டோம், ஆனால் நாங்கள் செய்ததை ஒப்புக்கொள்கிறோம், ஆயுதத்தை அரசியலாக இனி ஏற்க மாட்டோம் என்றார்கள். ரெபிப்பியா போன்ற சிறைகளில் அவர்களைத் தனிப் பகுதிகளில் வைத்தார்கள். அங்கே குழுவின் கண்காணிப்பு இல்லாமல் ஒருவரோடொருவர் பேச முடிந்தது. 1984 ஜூனில் மிலான் பேராயர் கார்லோ மரியா மார்த்தீனியின் இல்லத்தில் ஆயுதத்தைக் கைவிட்ட குழு ஒன்றின் சார்பில் துப்பாக்கிகள் நிறைந்த பைகளை ஒருவர் வைத்துவிட்டுப் போனார். போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, ஒரு பாதிரியாரிடம் ஒப்படைக்க முடிந்தது. இறங்கி வருகிறவனுக்குக் கால் வைக்க ஏதோ ஓர் இடம் வேண்டும். 1987 பிப்ரவரியில் நாடாளுமன்றம் இந்த விலகலைச் சட்டமாக ஏற்றுத் தண்டனைகளைக் குறைத்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் பல இதைக் கசப்போடு பார்த்தன. அந்தக் கசப்பைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பெரார்தி 1979 அக்டோபரில் கூனேயோ சிறையில் தூக்கிட்டுக்கொண்டார். பிரிகேட் தன் ஜெனோவாப் பிரிவுக்கு அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. சுமக்க முடியாத குற்ற உணர்வோடு செத்திருக்கக்கூடிய ஒரு மனிதரைத் தியாகியாக்கிப் பயன்படுத்திய அந்தச் செயல், ரோஸ்ஸாவைச் சுட்டதற்கு அடுத்தபடியாக எனக்கு அருவருப்பூட்டுவது.

சாபினா ரோஸ்ஸா வளர்ந்து உடற்பயிற்சி ஆசிரியரானார். அப்பாவைக் கொன்றது யார், முடிவெடுத்தது யார், ஆலையும் கட்சியும் அவரை ஏன் தனியே விட்டன என்று பழைய பிரிகேட்காரர்களையும் பழைய தோழர்களையும் தேடிப் போய்க் கேட்டு, 2006இல் புத்தகம் வெளியிட்டார். குவால்யார்தோவையும் சந்தித்தார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, அவருக்கு நிபந்தனை விடுதலை கொடுக்க வேண்டும் என்று பகிரங்கமாக வாதாடினார். குவால்யார்தோ விலகல் சட்டத்தின் சலுகையைக் கேட்டதில்லை. தான் கொன்றவர்களின் குடும்பத்தை நாடிப் போய் மன்னிப்புக் கேட்டதுமில்லை. அது அவர்கள் மீது மேலும் ஒரு சுமையை ஏற்றுவது, விடுதலைக்காகச் செய்யும் பேரம் என்று நினைத்து ஒதுங்கியே இருந்தார். திருந்தியதற்கு அத்தாட்சியாக அந்தச் சந்திப்பைத்தான் நீதிமன்றங்கள் எதிர்பார்த்தன. சாபினா இந்த எதிர்பார்ப்பைத்தான் எதிர்த்தார். ஒருவர் திருந்தினாரா இல்லையா என்பதை அவரால் தந்தையை இழந்த மகள் சான்றளிக்க வேண்டிய நிலை வரக் கூடாது, அதைத் தீர்மானிப்பது அரசின் வேலை என்ற அவருடைய நிலைப்பாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். சட்டத்தைத் திருத்த மசோதாவும் கொண்டுவந்தார். குவால்யார்தோவுக்குப் பின்னர் நிபந்தனை விடுதலை கிடைத்தது. ரோஸ்ஸாவைச் சுட்ட அன்று காலை உடனிருந்த மூன்றாவது ஆளான லொரென்ஸோ கார்ப்பி பிடிபடவே இல்லை.